சப்மிஷன்: சமர்ப்பணமா, முன்வைப்பா?

இணையத்தில் எந்தப் படிவத்தைத் தமிழில் திறந்தாலும் கடைசியில் ‘சமர்ப்பி’ என்று ஒரு பொத்தான் இருக்கும். வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தாலும் சரி, ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பினாலும் சரி, எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். ஆங்கிலத்தில் சப்மிஷன் என்று பார்த்ததும் சமர்ப்பித்தல் என்று நம் கை தானாக எழுதிவிடுகிறது. ஆனால் அமெரிக்காவில் சட்டக் கல்லூரி மாணவர்கள் நடத்தும் ஆய்விதழ்களுக்குக் கட்டுரை போய்ச் சேரும் விதத்தைப் பார்த்தால், அந்தச் சொல் அங்கே பொருந்தவே இல்லை.

சப்மிஷனின் வேர் லத்தீன். ‘சப்’ என்றால் கீழ், ‘மித்தெரே’ என்றால் அனுப்புதல், விடுதல். நம் ஊர் மிஷன் ஆஸ்பத்திரியில் இருக்கும் மிஷனும் இந்த மித்தெரேதான். கீழே விடுதல், தாழ்த்துதல் என்பதிலிருந்து அடங்கிப்போதல் என்ற பொருள் வந்தது, அப்புறம் ஒன்றை இன்னொருவருடைய தீர்ப்புக்கு விடுதல் என்ற பொருளும் சேர்ந்தது. நீதிமன்றத்தில் வக்கீல் ‘மை சப்மிஷன்’ என்று சொல்லும்போது அவர் யாருக்கும் அடங்கிப்போகவில்லை, தன் வாதத்தை நீதிபதிக்கு முன்னால் வைக்கிறார்.

சமர்ப்பணம் சமஸ்கிருதச் சொல். அர்ப்பணம் என்றாலே கொடுத்தல்தான், முன்னால் ‘சம்’ சேரும்போது முழுக்கக் கொடுத்துவிடுதல். சாமிக்குச் சமர்ப்பிக்கிறோம், புத்தகத்தின் முதல் பக்கத்தில் அப்பாவுக்குச் சமர்ப்பணம் என்று போடுகிறோம். கொடுத்ததை யாரும் திரும்பக் கேட்பதில்லை, வாங்கியவரும் அதில் குறை தேடுவதில்லை.

அமெரிக்காவில் ‘லா ரிவியூ’ என்று அழைக்கப்படும் இதழ்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. பெரும்பாலான இதழ்களை மாணவர்களே நடத்துகிறார்கள். ஹார்வர்டு லா ரிவியூ 1887இல் தொடங்கியது, இன்றும் மாணவர்கள் கையில்தான் இருக்கிறது. மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் இரண்டாம், மூன்றாம் ஆண்டில் இருப்பவர்கள், பேராசிரியர் எழுதிய கட்டுரையை எடுப்பதா வேண்டாமா என்று முடிவுசெய்கிறார்கள். இதே கருத்தை வேறு யாராவது முன்பே எழுதிவிட்டார்களா என்று தேடுகிறார்கள். எடுத்தபிறகு ஒவ்வொரு அடிக்குறிப்பையும் மூலத்தோடு வைத்துச் சரிபார்க்கிறார்கள், அதுவும் நூற்றுக்கணக்கான அடிக்குறிப்புகள் உள்ள கட்டுரைகளில். மேற்கோள் காட்டும் முறைக்கென்றே 1926இலிருந்து ‘புளூபுக்’ என்று ஒரு கையேடு வந்துகொண்டிருக்கிறது, அதையும் மாணவர் இதழ்கள்தான் சேர்ந்து வெளியிடுகின்றன.

இன்னொரு வழக்கமும் உண்டு. பெரும்பாலான மற்றத் துறைகளில் ஒரு நேரத்தில் ஓர் இதழுக்குத்தான் கட்டுரை அனுப்பவேண்டும், அங்கிருந்து பதில் வரும்வரை காத்திருக்கவேண்டும். இங்கே அப்படி இல்லை. பிப்ரவரி, மார்ச் வாக்கில் ஒரு பருவம், ஆகஸ்ட் வாக்கில் இன்னொன்று. அந்த நாட்களில் ஒரே கட்டுரையை ஸ்காலஸ்டிகா போன்ற தளம் வழியாக ஒரே சமயத்தில் பல இதழ்களுக்கு அனுப்பலாம். ஒரு இதழ் ஏற்றுக்கொண்டதும், அதைச் சொல்லி, இன்னும் பெயர் பெற்ற இதழிடம் ‘இந்தத் தேதிக்குள் படித்துச் சொல்லிவிடுங்கள்’ என்று கேட்கலாம், இதற்கு ‘எக்ஸ்பெடைட்’ என்று பெயர். அங்கே இடம் கிடைத்தால் மற்ற இதழ்களிலிருந்து கட்டுரையை விலக்கிக்கொள்ளலாம். இவ்வளவு பேச்சுவார்த்தை இருக்கும் இடத்தில் சமர்ப்பணம் எங்கே வந்தது?

தமிழில் இதற்குச் சொல் தேட வெகுதூரம் போகவேண்டாம். நூல் எழுதியவர் அதை அவைக்கு முன் வைப்பது நம்மிடம் பழைய வழக்கம். தொல்காப்பியத்தின் பாயிரமே பாண்டியன் அவையையும் அங்கே நூலைக் கேட்ட அதங்கோட்டாசான் என்ற ஆசிரியரையும் சொல்கிறது. நூலை அவருக்கு ‘அரில் தபத் தெரிந்து’, அதாவது குற்றம் நீங்க ஆராய்ந்து காட்டியதாகச் சொல்கிறது. அங்கே ஆசான் கேட்டார், அமெரிக்கச் சட்டக் கல்லூரியில் மாணவர்கள் கேட்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால் நான் சொல்வது: முன்வைத்தல். பெயர்ச்சொல்லாக வேண்டுமென்றால் முன்வைப்பு. ‘வழக்கறிஞர் வாதங்களை முன்வைத்தார்’ என்று நாளிதழ்கள் தினமும் எழுதுகின்றன, ஆக நீதிமன்ற சப்மிஷனுக்கும் கட்டுரை சப்மிஷனுக்கும் இந்த ஒரே சொல் போதும். ‘தாக்கல்’ உருதுவிலிருந்து வந்தது, மனுவுக்கும் வேட்புமனுவுக்கும் நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டது, அங்கேயே இருக்கட்டும். அடங்கிப்போகும் சப்மிஷனுக்குப் பணிதல் இருக்கிறது.

‘லா ரிவியூ’வை ‘சட்ட மறுஆய்வு’ என்று எழுதுவதும் பிழை. மறுஆய்வு என்றால் கொடுத்த தீர்ப்பை நீதிமன்றமே திரும்பப் பார்ப்பது. இதழைச் சட்ட ஆய்விதழ் என்றே சொல்லலாம்.

1890இல் சாமுவேல் வாரன், லூயிஸ் பிராண்டைஸ் என்ற இரண்டு அமெரிக்க வழக்கறிஞர்கள் அந்தரங்க உரிமை பற்றிய கட்டுரையை ஹார்வர்டு மாணவர்களின் இதழில்தான் வெளியிட்டார்கள். 2017இல் நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தபோது, அந்தக் கட்டுரையும் அதில் பேசப்பட்டது. மாணவர்கள் நடத்திய இதழில் இருந்து நீதிபதிகள் முன்வரை அது 127 ஆண்டுகள் நடந்து வந்திருக்கிறது.

சரி, பொத்தானில் என்ன போடுவது என்றால், ‘அனுப்பு’ போதும். மித்தெரேவுக்கும் அதுதான் பொருள்.