ஆரக்கிள்: குறியும் விரிச்சியும்

பாத்திரமேற்பு விளையாட்டில் ஆட்டக்காரர் ஒரு கதாபாத்திரமாகவே கதைக்குள் நடப்பார்; கதையை நடத்துபவர் கேம் மாஸ்டர். தனியாக ஆடும்போது அந்த கேம் மாஸ்டர் கிடையாது. கதவுக்குப் பின்னால் யார், வணிகன் சொன்னது மெய்யா என்பதைச் சொல்ல எதிரில் ஆளில்லை. ஆட்டக்காரரே கேள்வி கேட்டு, பகடையோ சீட்டோ அட்டவணையோ கொண்டு விடை பெறுகிறார். அந்தக் கருவிக்கும் அது தரும் விடைக்கும் சேர்த்தே 'ஆரக்கிள்' என்று பெயர்.

சொல்லின் வேர் லத்தீன். 'ஓராரே' என்றால் பேசுதல், வேண்டுதல். அதிலிருந்து பிறந்த 'ஓராகுலும்', தெய்வ வாக்கையும் வாக்குக் கிடைக்கும் இடத்தையும் குறித்தது. பண்டைய கிரேக்கத்தின் டெல்ஃபியில், அப்பல்லோ கோயிலின் பூசாரிணி பித்தியா சொன்ன வாக்கு இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து விளையாட்டுக்கு வந்தது. 1975இல், 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் தனியாள் ஆட்டத்துக்கு நிலவறை அட்டவணைகளை வெளியிட்டார். ஆனால் அவை அறைகளை உருவாக்கின. கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. கேள்வி–பதில் முறையைப் பரவலாக்கியது 2003இல் வந்த 'மித்திக்' என்ற பாத்திரமேற்பு விளையாட்டு நூல்.

விளையாட்டுக்குள் வந்ததும் எதிர்காலம் உரைத்தல் என்ற பொருள் உதிர்ந்துவிட்டது. கதையில் இந்த நொடி எது உண்மை என்று முடிவு செய்வது மட்டுமே ஆரக்கிளின் வேலை. அதனால்தான் 'ஆரூடம்' என்ற பெயர்ப்பு சரிப்படாது. அது வரப்போவதைச் சொல்வது. 'அசரீரி'யும் ஒட்டாது, அது கேளாமலே ஒலிப்பது. 'குறி' பொருந்தும். குறி கேட்க ஒருவர் வேண்டும், அவரிடம் ஒரு கேள்வியும் வேண்டும். ஆம்–இல்லை ஆரக்கிளைக் குறி என்றும், அதன் அட்டவணையைக் குறிப்பட்டி என்றும் சொல்லலாம்.

எளிய குறிப்பட்டிக்கு ஓர் ஆறுமுகப் பகடை போதும். 1 – இல்லை, அதற்கு மேலும். 2 – இல்லை. 3 – இல்லை, ஆனால். 4 – ஆம், ஆனால். 5 – ஆம். 6 – ஆம், அதற்கு மேலும். 'அதற்கு மேலும்' விடையை இன்னும் வலுவாக்கும்; 'ஆனால்' அதில் ஒரு திருப்பம் சேர்க்கும். நடக்க வாய்ப்பு அதிகம் என்றால் இரண்டு பகடை உருட்டிப் பெரிய எண்ணை எடுக்க வேண்டும். 'ஆம்' வரும் வாய்ப்பு 50 விழுக்காட்டிலிருந்து 75 ஆகும். வாய்ப்பு குறைவென்றால் சிறிய எண், அப்போது 25. எந்த நிலை என்பதை உருட்டும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். பகடை விழுந்தபின் நிலையை மாற்றினால் விடை குறியின் விடையல்ல, ஆட்டக்காரரின் ஆசை.

ஆட்டத்தின் உயிர் 3இலும் 4இலும் இருக்கிறது. 'கோட்டை வாயிலில் காவலன் இருக்கிறானா?' – 4. இருக்கிறான், ஆனால் அவன் முகம் உள்பக்கம் திரும்பியிருக்கிறது. எதை வெளியே விடாமல் காக்கிறான்? அடுத்த காட்சி கிடைத்துவிட்டது.

குறி சலிப்பூட்டுகிறது என்பவர்கள் பெரும்பாலும் அதை அளவுக்கு மீறிக் கேட்கிறார்கள். ஒரு காட்சிக்கு மூன்று கேள்வி என்று வரம்பு வைத்துக்கொள்வது நல்லது. கதைப்படி விடை வெளிப்படையாகத் தெரிந்தால் கேட்கவே வேண்டாம். பூட்டைத் திறக்க முடியுமா என்பதும் குறிக்குரிய கேள்வியல்ல. அது பாத்திரத்தின் திறனைச் சோதிக்க உருட்டும் பகடைக்கு உரியது. பூட்டு இருக்கிறதா என்பதே குறிக்கு உரியது. இரண்டையும் கலந்தால் பாத்திரத்தின் திறன்களைக் குறித்துவைக்கும் பாத்திரத்தாளில் உள்ள எண்களுக்கு மதிப்பே இல்லாமல் போகும்.

ஏன், என்ன, எப்படி என்ற கேள்விகளுக்குக் குறி உதவாது. அங்கே வேறு வகை ஆரக்கிள்: ஒரு வினையும் ஒரு பெயரும் தற்செயலாகச் சேரும் சொல்லிணை. இதற்குத் தமிழில் மிகச் சரியான சொல் இருக்கிறது: விரிச்சி. முல்லைப்பாட்டில், போருக்குப் போன தலைவன் திரும்புவானா என்று அறிய முதுபெண்டிர் விரிச்சி கேட்டு நிற்கிறார்கள். தாயைக் காணாமல் தவிக்கும் கன்றிடம் ஆய்மகள் 'இன்னே வருகுவர் தாயர்' என்கிறாள். அவள் சொன்னது பசுக்களைப் பற்றி. கேட்டவர்கள் அதைத் தலைவன் வரவுக்கு நன்மொழியாகக் கொள்கிறார்கள். வேறொன்றுக்காகப் பிறந்த சொல் கேட்பவரின் கேள்வியோடு பொருந்திப் பொருள் தருகிறது. சொல்லிணை அட்டவணையும் இப்படியேதான் இயங்குகிறது.

பத்து வினை, பத்துப் பெயர் எழுதிக்கொண்டு, பதின்முகப் பகடையை இருமுறை உருட்டினால் நூறு இணை கிடைக்கும். 'மறை', 'கடன்' என்று விழுந்தால், கிழவி ஏன் கதவைத் திறக்கவில்லை என்பதற்கு உடனே ஒரு காரணம் தோன்றும். முதலில் தோன்றியதையே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நிமிடமாகியும் ஒன்றும் தோன்றாவிட்டால் இணையை விட்டுவிட்டு, மனத்தில் இருப்பதில் ஒன்றைக் குறி கேட்டு உறுதி செய்யலாம். விருப்பமானது வரும்வரை மறுபடி மறுபடி உருட்டுவதுதான் விரிச்சியைக் கெடுப்பது. மூன்றாம் முறைக்குள் எல்லாச் சொல்லும் ஒன்றுபோலவே தோன்றத் தொடங்கிவிடும்.