சாவி கையில் இல்லை என்றால் மட்டும் போதுமா?

"ஏற்றுபவரிடம் பெயர் கேட்க மாட்டேன். கோப்பு மறையாக்கம் ஆன பிறகுதான், அதாவது சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி மாறிய பிறகுதான், என் சர்வருக்கே வரும். சாவி என்னிடம் இருக்காது. அப்புறம் என் மேல் எப்படி சார் வழக்கு வரும்?" கோப்புச் சேமிப்புத் தளம் தொடங்கவிருந்த ஓர் இளைஞர் கேட்டார். சர்வர் பாதுகாப்புத் தணிக்கை என் தொழில். இதே கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது.

பதில் சொல்லாமல், வரும் கோரிக்கைகளைச் சர்வர் குறித்துவைக்கும் பதிவேட்டைத் திறக்கச் சொன்னேன். வரிக்கு வரி, கோப்பின் எண்ணும் அதன் பக்கத்திலேயே சாவியும் கிடந்தன! கோப்பைத் திறக்கும் இணைய இணைப்பில் (லிங்க்) கேள்விக்குறிக்குப் பின்னால் சாவியை வைத்திருந்தார். அங்கே இருப்பதை உலாவி அப்படியே சர்வருக்கு அனுப்பிவிடும். # குறிக்குப் பின்னால் இருப்பதை அனுப்பாது. 2013-இல் தொடங்கிய மெகா என்ற கோப்புச் சேமிப்புத் தளம் சாவியை அங்கேதான் வைத்தது.

சாவி மெய்யாகவே கையில் இல்லையென்றால் பலன் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவில், தகவலைத் திறந்து தரச் சொல்லி வரும் அரசு உத்தரவை மீறினால் ஏழு ஆண்டு வரை சிறை. ஆனால் 2009-ஆம் ஆண்டு விதிகளின்படி, நாமே மறையாக்கம் செய்ததையும் நம் வசம் சாவி உள்ளதையும் மட்டுமே திறந்து தரச் சொல்ல முடியும்.

அதற்குமேல் இதை நம்பக் கூடாது. அமெரிக்காவில் எய்ம்ஸ்டர் என்ற கோப்புப் பகிர்வுச் சேவை, எல்லாம் மறையாக்கத்தில் இருப்பதால் எங்களுக்கு எதுவும் தெரியாது என்று வாதாடியது. 2003-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொள்வதும் அறிந்திருப்பதற்குச் சமம் என்றது.

நம் ஊரில், பிறர் ஏற்றியதற்கு நாம் பொறுப்பாகாமல் காக்கும் கேடயம் அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவுதான். நீதிமன்ற உத்தரவோ அரசின் அறிவிப்போ வந்த 3 மணி நேரத்துக்குள் கோப்பை நீக்க வேண்டும்; 2026 பிப்ரவரி வரை இது 36 மணி நேரமாக இருந்தது. உள்ளே இருப்பதைப் படிக்க முடியாவிட்டாலும், இணைப்பைக் கொண்டு அந்த ஒரு கோப்பை மட்டும் முடக்கத் தெரிந்திருக்க வேண்டும். அவருடைய தளத்தில் அந்த வசதியே இல்லை. புகார் செய்பவர் பெரும்பாலும் சாவியோடு சேர்ந்த முழு இணைப்பைத்தான் அனுப்புவார் என்பதையும் அவர் யோசித்திருக்கவில்லை. அது வந்து சேர்ந்த பிறகு, சாவி என்னிடம் இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

குழந்தைகள் மீதான பாலியல் கொடுமை தொடர்பான கோப்பு என்று புகார் வந்தால் திறந்து பார்க்காதீர்கள். உடனே முடக்கிவிட்டுக் காவல்துறைக்குத் தெரிவியுங்கள். போக்சோ சட்டப்படி தெரிவிக்காத இடைநிலை நிறுவனத்துக்கு (பிறர் ஏற்றுவதை வைத்திருக்கும் இதுபோன்ற தளத்துக்கு) 79-ஆம் பிரிவின் பாதுகாப்பு கிடைக்காது என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சென்னையில் தொடங்கிய வழக்கு அது.

பெயர் கேட்காமல் நடத்துவதிலும் சிக்கல் இருக்கிறது. கிளவுட் சேவை தருபவர்கள் வாடிக்கையாளரின் சரிபார்த்த பெயரையும் முகவரியையும் ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில், இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு. அவருடைய தளமும் அதற்குள் வரும் என்றே நான் கருதுகிறேன். வழக்கறிஞரைப் பார்க்காமல் தொடங்காதீர்கள் என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

சாவியை # குறிக்குப் பின்னால் மாற்ற அவருக்கு ஒரு மாலைப்பொழுது போதுமாக இருந்தது. பழைய பதிவேட்டை அழித்துவிடலாமா என்று கேட்டார். பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்வதும் அதே செர்ட்-இன் உத்தரவுதான். நல்லவேளை, ஏற்றியிருந்தவை நண்பர்களின் சோதனைக் கோப்புகள் மட்டுமே. பதிவேட்டில் கை வைக்காமல் அந்தக் கோப்புகளை நீக்கச் சொன்னேன். பூட்டே போன பிறகு அந்தச் சாவிகளால் எதையும் திறக்க முடியாது.