லெட்ரா தெருவில் பச்சைக் கோட்டைக் கடப்பது: யாரை விடுவார்கள், எதை விடமாட்டார்கள்

சைப்ரஸ் தலைநகர் நிக்கோசியாவின் பழைய கடைத்தெரு லெட்ரா. தீவை வடக்கு, தெற்கு என்று பிரிக்கும் பச்சைக் கோடு இதன் குறுக்கே போகிறது. தெரு பாதியில் நின்று ஒரு போலீஸ் சாவடி வரும். அதைத் தாண்டினால் ஐ.நா. அமைதிப்படையின் பொறுப்பில் உள்ள இடைநிலம். இருபுறமும் ஆளில்லாத கட்டடங்கள். சில நிமிட நடையில், வடக்கைக் கையில் வைத்திருக்கும் துருக்கிய சைப்ரஸ் தரப்பின் சாவடி. அந்தப் பக்கத்தில் இந்த இடத்துக்கு லோக்மாஜி என்று பெயர். 2008 ஏப்ரல் 3 அன்று திறந்த இந்த வழி நடந்து போகிறவர்களுக்கு மட்டும். காரில் போவதென்றால் அயியோஸ் டொமேடியோஸ் சாவடிக்குப் போக வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 866/2004 விதிமுறைப்படி இந்தக் கோடு ஒன்றியத்தின் வெளி எல்லை அல்ல. 1974 முதல் வடக்கு தன் கையில் இல்லாவிட்டாலும், தீவு முழுவதும் தன் நாடு என்பதே தெற்கை ஆளும் சைப்ரஸ் குடியரசின் நிலை. எல்லை இல்லையே என்று சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. ஆவணச் சோதனை கண்டிப்பானது.

ஒன்றியக் குடிமக்களுக்கு அடையாள அட்டையே போதும். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர்கள் தெற்கே நுழைய, குடியரசு ஏற்கும் செல்லுபடியான விசாவோ, குடியரசு வழங்கிய வசிப்பு அனுமதியோ வேண்டும். பலர் மாட்டுவது இங்கேதான். வடக்கில் எர்ஜான் விமான நிலையத்தில் இறங்கியவரையோ, அங்கே படிக்கும் மாணவரையோ வடக்கின் அனுமதிச் சீட்டு தெற்கே கொண்டுவந்து விடாது. எர்ஜானைச் சட்டப்படியான நுழைவாயிலாகவே குடியரசு ஏற்பதில்லை.

தெற்கின் விமான நிலையங்களான லார்னகாவிலோ பாஃபோஸிலோ இறங்கி வடக்கே போய்த் திரும்புகிறவர்கள் பாஸ்போர்ட்டை இரு சாவடியிலும் காட்ட வேண்டும். வடக்கே தனித்தாள் நிரப்பி முத்திரை வாங்கும் முறை 2015-இல் போய்விட்டது. விசா முடியும் நாளைப் பார்த்துக்கொண்டு போங்கள். வடக்கே இருக்கும்போது அது காலாவதியானால் திரும்பி வரும் வழி அடைபடும்.

தெற்கே திரும்பும்போது சுங்கத்தார் பையைத் திறக்கச் சொல்லலாம். சொந்த உபயோகப் பொருள்கள் ஒருவருக்கு மொத்தம் 260 யூரோ மதிப்புவரை. அதில் சிகரெட் 40, மதுபானம் ஒரு லிட்டர். வடக்கே சிகரெட் மலிவு என்று ஒரு முழுக் கட்டு (கார்ட்டன்) வாங்கினால் பறிபோகும், அபராதமும் வரலாம். இறைச்சி, பால் பொருள்கள் வேண்டாம். பிராண்டு பெயர் போட்ட போலிப் பைகளும் அப்படியே.

இடைநிலத்தில் படம் எடுக்கத் தடை. வீரர்களையும் காவல் அரண்களையும் நோக்கி போனைத் தூக்கவே வேண்டாம்.

சாவடிகள் முன்னறிவிப்பின்றி மூடவும் கூடும். 2020 பிப்ரவரி இறுதியில் கொரோனாவைக் காரணம் காட்டி லெட்ராவை அடைத்தார்கள். வழக்கமான போக்குவரத்து 2021 ஜூனில்தான் திரும்பியது. தெற்கிலிருந்து விமானம் ஏறும் நாளில் வடக்கே போகாமல் இருப்பது நல்லது.