விமானப் பாகத்துக்கு வயதெல்லை உண்டா?

பலாலியிலிருந்து சென்னைக்குப் போய்வந்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஏ.ரி.ஆர். 72 விமானத்தின்ரை பாகங்களை எத்தனை வருசத்துக்கு ஒருக்கால் மாத்துவினம்? பழுதாக முதலே எல்லாத்தையும் கழட்டிப் புதுசு போட்டால் பயமில்லைத்தானே?”

அப்படிச் செய்தால் பயம் கூடும்.

யுனைட்டட் எயார்லைன்ஸ் நிறுவனத்தின் பொறியியலாளர்கள் 1978இல் வெளியிட்ட ஆய்வில், விமானப் பாகங்களில் 89 சதவீதமானவை ‘இத்தனை மணித்தியாலத்துக்குப் பிறகு பழுது கூடும்’ என்ற வயதெல்லை எதையும் காட்டவில்லை. 68 சதவீதமானவை பூட்டிய புதிதிலேயே அதிகம் பழுதாகின, பிறகு அடங்கிவிட்டன. நன்றாக ஓடிய வோட்டர் பம்மைச் சும்மா கழற்றிப் பூட்டிய பிறகு ஒழுகத் தொடங்கிய கதை தோட்டக்காரர் பலருக்குத் தெரியும்.

எஞ்சினுக்குள் சுழலும் தட்டு, தரையிறங்கு சில்லுத் தொகுதியின் சில பாகங்கள் இதற்கு விலக்கு. உலோகக் களைப்பு சேர்ந்துகொண்டே போவதால் அவற்றுக்கு உற்பத்தியாளர் எல்லை வகுத்திருப்பார். ஒரு முறை ஏறி இறங்கினால் ஒரு சுற்று. சுற்றுக் கணக்கு முடிந்தால், பார்வைக்குப் புத்தம்புதிதாக இருந்தாலும் மாற்றியே ஆகவேண்டும். பலாலி–சென்னை போன்ற குறுகிய பயணங்களில், நீண்ட பயணங்களோடு ஒப்பிட்டால், அதே மணித்தியாலத்துக்குள் சுற்றுக் கணக்கு வேகமாக ஏறும்.

மிச்சமெல்லாம் எண்ணிக்கையால் கண்காணிக்கப்படுகின்றன. விமானி தொழில்நுட்பப் பதிவேட்டில் எழுதும் முறைப்பாடு, திட்டமில்லாமல் கழற்றிய பாகம், 15 நிமிடத்துக்கு மேற்பட்ட தாமதம், பறக்கும்போது நிறுத்திய எஞ்சின் எல்லாம் தொகுதி வாரியாகப் பதிவாகும். குளிரூட்டல் 21, தரையிறங்கு தொகுதி 32 என்று ஒவ்வொன்றுக்கும் இலக்கம் உண்டு.

இனித்தான் ருசியான இடம். 21ஆம் தொகுதியில் 1,000 பறப்பு மணித்தியாலத்துக்கு வந்த முறைப்பாடுகள், கடந்த 12 மாதங்களில் 3, 4, 5, 4, 3, 4, 6, 4, 3, 5, 4, 3 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 4. நியம விலகல், அதாவது மாத எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு, ஏறத்தாழ 0.95. சராசரியோடு நியம விலகலின் இருமடங்கைக் கூட்டினால் 5.9. இதுதான் அடுத்த ஆண்டுக்கான எச்சரிக்கைக் கோடு (சில நிறுவனங்கள் இரண்டரை மடங்கோ மூன்று மடங்கோ எடுக்கும்). ஒரு மாதம் 6 வந்தவுடன் யாரும் ஓடித்திரிவதில்லை. மூன்று மாதச் சராசரியையே பார்ப்பார்கள். 5, 6, 7 என்று வந்தால் சராசரி 6, கோடு தாண்டியாயிற்று.

தாண்டினால் விமானம் ஓட்டத்தகுதியற்றது என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு பழுதும் திருத்தப்பட்டோ, விதி அனுமதிக்கும் அளவுக்குத் தள்ளிவைக்கப்பட்டோ, கையொப்பமிட்ட பிறகுதான் அது பறந்திருக்கும். கோடு கேட்பது வேறு கேள்வி: ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? ஒரே விமானமா, ஒரே தொடர் இலக்கமுள்ள பாகமா, ஒரே நிலையத்தில் செய்த வேலையா என்று பிரித்துப் பார்ப்பார்கள். வால்வை மூன்று தரம் மாற்றியிருப்பார்கள், வேலைத்தளம் மூன்று தரமும் ‘பழுது காணப்படவில்லை’ என்று எழுதி அனுப்பியிருக்கும். கடைசியில் பார்த்தால் வயர் இணைப்பியின் ஊசியில் பச்சை பூத்திருக்கும். உப்புக்காற்றில் கேற்றுப் பிணைச்சல் படும் பாடுதான். அப்போது வால்வை விட்டுவிட்டு, இணைப்பியைத் துப்புரவாக்கும் வேலையைப் பராமரிப்பு அட்டவணையில் சேர்ப்பார்கள், அல்லது பரிசோதனை இடைவெளியைக் குறுக்குவார்கள். நீண்டகாலம் ஒன்றும் அகப்படாத பரிசோதனைக்கு, விமானப் போக்குவரத்து அதிகாரசபை ஒத்துக்கொண்டால், இடைவெளியைக் கூட்டவும் செய்யலாம்.

சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ‘புதுப் பாகம் என்றால் பழுதாகாது’ என்பதும் அதே இன நம்பிக்கை என்பதுதான் என் கட்சி. முன்னையதால் சேதம் ஒரு தேசிக்காய். பின்னையது ஓடிக்கொண்டிருந்த நல்ல தொகுதியைக் குழப்பிவிடும்.

கோட்டிலும் ஓட்டை உண்டு. போன வருடம் மோசமாக இருந்தால் சராசரி உயரும், கோடும் கூட உயரும், இந்த வருட மோசம் அதற்குக் கீழே ஒளிந்துகொள்ளும். அதனால் காரணம் தெரிந்த அசாதாரண மாதங்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டே கோடு போடவேண்டும். ஒரே வகையில் 6 விமானங்களுக்குக் குறைவாக வைத்திருக்கும் நிறுவனங்களை ஐரோப்பிய வழிகாட்டல் சிறு அணியாகக் கொள்கிறது. அங்கே இரண்டு பழுது கூடினாலே கோடு தாண்டிவிடும். அத்தகைய நிறுவனங்கள் வரைபை ஓரமாக வைத்துவிட்டு ஒவ்வொரு முறைப்பாட்டையும் தனித்தனியாக வாசிக்கும், அதே வகை விமானத்தின் உலகளாவிய தரவை உற்பத்தியாளரிடம் வாங்கி ஒப்பிடும்.