சதுப்பில் மிதித்தால் வரும் குமிழியும் கடலடியில் உறைந்த வாயுவும்

கோத்தகிரியில் மாமா வீட்டில் கோபர் கேஸ் அடுப்பு இருந்தது. மார்கழி பிறந்தால் தீ சோர்ந்துபோகும், ஒரு டீ கொதிப்பதற்குள் பொறுமை போய்விடும். "குளிருல அதுங்க தூங்குதுடா" என்பார் மாமா. அவர் சொன்ன 'அதுங்க' ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள். மட்கியதைத் தின்று மீத்தேன் என்ற எரிவாயுவை விடுகிற கூட்டம் அது.

இதே கூட்டம்தான் ஊட்டிப் பக்கத்துச் சதுப்புகளிலும் இருக்கிறது. புல்லை மிதித்தால் கறுப்புத் தண்ணீரில் குமிழி குமிழியாக வருமே, அதில் பாதிக்கு மேல்கூட மீத்தேன் இருக்கும். 1776-ல் இத்தாலியில் வோல்டா என்ற விஞ்ஞானி ஏரிச் சேற்றைக் கிளறிப் பிடித்துக் கொளுத்திப் பார்த்ததும் இதைத்தான்.

ஆழ்கடல் சேற்றிலும் இதே வேலை நடக்கிறது. அங்கே சாணத்துக்குப் பதில் மேலிருந்து விழுந்து புதைந்த மிதவை உயிர்கள், ஆறு அடித்துவந்த மட்கு. இன்னும் ஆழத்தில் பூமியின் சூடே அந்த மட்கை வேகவைத்து வாயுவாக்குகிறது. ஆனால் கடலடியில் அது வெளியேறுவது சுலபமில்லை, தண்ணீரின் எடை விடாது.

தை மாதத்தில் உறைபனி விழுந்த புல்லைப் பார்த்திருப்பீர்கள். அதே பூஜ்ஜியம் டிகிரிக் குளிரில், காற்றழுத்தத்தைப் போல 26 மடங்கு அழுத்தமும் இருந்தால், தண்ணீர் மூலக்கூறுகள் கூண்டு கட்டி மீத்தேனை உள்ளே பூட்டிவிடும். அதுதான் மீத்தேன் ஹைட்ரேட். பார்க்கப் பனிக்கட்டி மாதிரி, தீக்குச்சி வைத்தால் எரியும், எரிய எரியத் தண்ணீர் சொட்டும். ஒரு கன மீட்டர் கட்டியை உருக்கினால் ஏறக்குறைய 160 கன மீட்டர் வாயு! கடலில் பத்து மீட்டர் இறங்கினால் ஒரு காற்றழுத்தம் கூடும் என்பதால் ஆழம் போதும், ஆனால் வங்காள விரிகுடா மாதிரி வெப்பக் கடலில் குளிர் கிடைக்க இன்னும் கீழே போகவேண்டும். அங்கே கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் 2006-ல் துளையிட்டபோது சுமார் 130 மீட்டர் தடிமனுக்கு ஹைட்ரேட் கலந்த படிவு கிடைத்தது. சரி, அப்படியே கீழே கீழே உறைந்துகொண்டே போகுமா? போகாது. தோண்டத் தோண்டப் பூமிச் சூடு ஏறும், ஒரு கட்டத்தில் கூண்டு நிற்காது, அதற்கு அடியில் வாயு வாயுவாகவே அடைபட்டுக் கிடக்கும்.

விரிசல் வழியே கசிகிற வாயுவுக்கும் ஆள் காத்திருக்கிறது. சேற்றுக்குள் ஒருவகை ஆர்க்கியாவும் (பாக்டீரியா மாதிரியே தெரியும் வேறொரு நுண்ணுயிர்) பாக்டீரியாவும் ஒட்டிக்கொண்டு, கடல்நீரில் கரைந்திருக்கும் சல்பேட் உப்பை வைத்து மீத்தேனைத் தின்கின்றன. அந்தத் தீனியில் மிச்சப்படும் கார்பனேட் கால்சியத்தோடு சேர்ந்து சுண்ணாம்புப் பாறையாக இறுகுகிறது, வெளிவரும் சல்பைடை நம்பிக் குழாய்ப்புழுக்கள் வளர்கின்றன. வாயும் குடலும் இல்லாத புழு! உடம்புக்குள் குடியிருக்கும் பாக்டீரியா சமைத்துப் போடுகிறது. மெக்சிகோ வளைகுடாவில் இவற்றில் ஓர் இனம் 250 வருடம்கூட வாழ்கிறது. அங்கேதான் 1984-ல், 3200 மீட்டர் ஆழத்தில், இப்படியொரு குளிர்க்கசிவு ஊரை முதன்முதலாகப் பார்த்தார்கள்.

கடலடி மீத்தேன் ஒருநாள் மொத்தமாக வெடித்துக் கிளம்பும் என்று வருகிற வீடியோக்களை நான் நம்புவதில்லை. சேற்றைத் தாண்டி வந்த குமிழியும் ஆழமான இடமென்றால் பாதி வழியிலேயே தண்ணீரில் கரைந்துவிடும், அதையும் தின்னப் பாக்டீரியா உண்டு. ஆழமில்லாத கடலில்தான் கவலை. நம் சதுப்பிலும் மேல்சேற்றில் மீத்தேன் தின்னிகள் இருக்கின்றன, ஆனால் முழங்கால் ஆழத் தண்ணீரைக் கடக்கக் குமிழிக்குச் சில நொடிகளே போதும். அதற்குள் எதைத் தின்பது?