உடல் தண்டனை: சொல்லுக்குள் இருக்கும் கம்பு

பள்ளிகளுக்கு வரும் சுற்றறிக்கைகளில் 'உடல்ரீதியான தண்டனை' என்றொரு தொடரைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் 'கார்ப்பரல் பனிஷ்மென்ட்' என்பதைத் தமிழாக்கி வைத்திருக்கிறார்கள். உடம்பைக் குறிக்கும் 'கார்ப்பஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது 'கார்ப்பரல்'. அதற்கு 'உடல்' போதும். 'ரீதியான' தேவையில்லாத சுமை. மறுபாதியான 'தண்டனை'யைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

தண்டம் என்றால் வடமொழியில் கம்பு, கோல். செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. அந்தப் பக்கத்து வணிகர்களான நகரத்தார் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போன ஊர்களிலெல்லாம் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பினார்கள். சிங்கப்பூர் டேங்க் ரோடு கோயில் 1859-இல் வந்தது. கையில் தண்டத்தை ஆயுதமாகப் பிடித்தவர் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். அதே கோல் அரசன் கைக்குப் போனதும் அதிகாரத்தைக் குறித்தது. அவன் கொடுத்த அடியும் தண்டம், வாங்கிய அபராதமும் தண்டம். அப்புறம் வீணாய்ப் போன காசையும் 'தண்டம்' என்று சொல்லப் பழகிவிட்டோம். தண்டனை இந்தக் குடும்பத்துச் சொல். அதைச் சொல்லும்போதே ஒரு கம்பும் கூட வந்துவிடுகிறது.

எங்கள் ஐயா திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். பெரிய வீட்டு முகப்புத் திண்ணையில் வாத்தியார் உட்கார்ந்திருப்பார், மாணவர் தலைவனான சட்டாம்பிள்ளை பிரம்போடு சுற்றி வருவான். எண்சுவடியைத் தப்பாக ஒப்பித்த பையனுக்குக் கோதண்டம். மேலேயிருந்து தொங்கும் கயிற்றில் அவனைத் தொங்கவிட்டு, கீழே நின்று அடிப்பது. கோதண்டம் இராமன் கை வில்லுக்கும் பெயர். பிள்ளையைத் தொங்கவிடும் கயிற்றுக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்களோ, எனக்கு இன்றும் அது மனதை உறுத்துகிறது.

என் காலத்தில் கயிறு இல்லை, புளிய விளார் இருந்தது. அதை ஒடித்து வரும் வேலையும் எங்களுடையதுதான். அஞ்சாம் வகுப்பில் ஒருநாள் என்னை அனுப்பினார்கள். வலிக்காது என்று நம்பி, இருப்பதிலேயே மெல்லியதாகத் தேடி ஒடித்தேன். இலையை உருவினால் அங்கங்கே சின்னக் கணு நிற்கும். பதினாறாம் வாய்ப்பாட்டில் தடுமாறியதற்கு அந்த விளாரே என் உள்ளங்கையில் விழுந்தது. மெல்லிய விளார்தான் சுரீரென்று பிடிக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். சிவந்த கையோடு வீட்டுக்குப் போனால் அம்மா மறுநாள் பள்ளிக்கூடத்துக்கே வந்து, "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மாவுக்கு என்மேல் கொள்ளை அன்பு. 'அடியாத மாடு படியாது' என்ற பழமொழியைக் கேட்டே வளர்ந்தவர் அவர்.

இந்த இடத்தில்தான் சட்டம் குறுக்கே வந்தது. தமிழ்நாடு 2003-இலேயே கல்வி விதிகளைத் திருத்திப் பிரம்படிக்குத் தடை போட்டது. பிறகு நாடு முழுமைக்குமான கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எந்தக் குழந்தையையும் உடல் தண்டனைக்கோ மனத் துன்புறுத்தலுக்கோ ஆளாக்கக் கூடாது என்கிறது அதன் 17-ஆம் பிரிவு. மீறுகிறவர்மேல் பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையத்தின் வழிகாட்டுதல், கை ஓங்காத தண்டனைகளையும் பட்டியலில் சேர்க்கிறது: பெஞ்சின்மேல் நிற்கவைப்பது, முட்டிபோட வைப்பது, பையைத் தலையில் சுமந்து நிற்கவைப்பது, காதைப் பிடிக்கவைப்பது. இந்த வழிகாட்டுதலைச் செயல்படுத்தச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது.

காதைப் பிடிப்பது என்றதும் பிள்ளையார்பட்டி நினைவுக்கு வருகிறது. கற்பக விநாயகர் முன்னால் பெரியவர்களும் பிள்ளைகளும் ஒன்றாகத் தோப்புக்கரணம் போடுகிறார்கள். யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை. அதையே வகுப்பறையில், நாற்பது பேர் பார்க்க, எண்ணிக்கை சொல்லிப் போடவைத்தால் பிள்ளை கூனிக் குறுகிப்போகிறது. சட்டம் மனத் துன்புறுத்தலையும் சேர்த்துச் சொல்வதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, தண்டனைக்கு நல்ல தமிழ்ச் சொல் என்ன? 'ஒறுப்பு' என்று தயங்காமல் சொல்லலாம். 'ஒறு' என்ற வினையில் பிறந்தது. 'தக்காங்கு நாடித் தலைச்செல்லா வண்ணத்தால் ஒத்தாங்கு ஒறுப்பது வேந்து' என்கிறது குறள் (561). தீர விசாரித்து, குற்றத்துக்குத் தக்க அளவில் ஒறுக்க வேண்டும். அடுத்த குறளில் 'கடிதோச்சி மெல்ல எறிக' என்று வருகிறது. ஓங்கும்போது கடுமை, விழும்போது மென்மை. கத்தோலிக்கர்கள் தவக்காலத்தில் தம்மைத் தாமே வருத்திக்கொள்வதை 'ஒறுத்தல்' என்று இன்றும் சொல்கிறார்கள். ஆகவே 'உடல் ஒறுப்பு' இலக்கணப்படி சரியான சொல். அகராதியில் அதைத்தான் போட வேண்டும்.

ஆனால் பள்ளிச் சுவரில் எழுதுவதற்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒறுப்பு, தண்டனை இரண்டுமே குற்றம் என்ற ஒன்றை முன்னால் வைத்துக்கொள்கின்றன. வாய்ப்பாடு வராதது குற்றமா? வீட்டுப்பாடம் எழுத நோட்டு இல்லாதது? குறள் பேசுவது வேந்தனைப் பற்றி. கணக்கு வாத்தியாரைப் பற்றி இல்லை. ஆசிரியருக்குக் கண்டிப்பு வேண்டும், மறுக்கவில்லை. அதற்குக் கம்பு வேண்டாம், முகம் மாறினாலே போதும் என்று காட்டிய ஆசிரியர்களிடமும் நான் படித்திருக்கிறேன்.

சுவரில் 'இங்கே பிள்ளைகளை அடிப்பதில்லை' என்று எழுதலாம். தாய்மாருக்கும் புரியும், எழுத்துக்கூட்டிப் படிக்கும் ரெண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். குழந்தைகள் உதவி எண் 1098. அதில் கூப்பிடும் பிள்ளை 'எனக்கு உடல்ரீதியான தண்டனை வழங்கப்பட்டது' என்று சொல்லாது. 'அடிச்சுட்டாங்க' என்றுதான் சொல்லும்.