ஞாயிற்றுக்கிழமை அல்வா

எங்கள் பக்கம் பெரியவர்கள் விவாகரத்து என்று சொல்வது குறைவு, "தீர்த்துவிட்டாச்சு" என்பார்கள். தீர்ந்தது புருஷன் பெண்டாட்டிக்கு. பிள்ளைக்கு என்ன நடக்கிறது?

எனக்குத் தெரிந்த ஒன்பது வயதுப் பையன் பாளையங்கோட்டையில் அம்மாவோடும் ஆச்சியோடும் இருக்கிறான். மாதம் இரண்டு ஞாயிறு அப்பா வந்து ஜங்ஷன் பக்கம் கூட்டிப்போய், சாயந்திரம் கால் கிலோ அல்வாவோடு கொண்டுவந்து விடுவார். செருப்பைக் கழற்றுவதற்குள் ஆச்சி ஆரம்பித்துவிடுவாள்: "ஏல, உங்கப்பன் என்ன சொன்னான்? அந்த வீட்டுல யாரு இருந்தா?" "ஒண்ணும் சொல்லல ஆச்சி." சரி, அல்வா எப்படி? "நல்லாவே இல்ல" என்பான், விரலிடுக்கில் நெய் மினுங்க.

அந்தப் பொய் எங்கிருந்து வருகிறது என்பதுதான் விஷயம். பிள்ளையின் மூளைக்கு அம்மாவும் அப்பாவும்தான் பாதுகாப்பு. அந்த இரண்டு பேரும் மோதும்போது அது காவல்காரன் மாதிரி விழித்துக்கொண்டு, போன் மணி, குரல், முகம் என்று எல்லாவற்றையும் நோட்டம் பார்க்கிறது. கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் சுரக்கிறது, கொஞ்ச நேரம் என்றால் அது உதவிதான், மாதக்கணக்கில் இழுத்தால் தூக்கமும் படிப்பும் கெடும். இதிலிருந்து தப்பிக்கப் பிள்ளை ஒரு பக்கம் சாயும், இல்லாவிட்டால் இந்த வீட்டுப் பேச்சை அந்த வீட்டில் பேசாமல் பூட்டிக்கொள்ளும். இரண்டாவது ரகத்தைப் பார்த்துத்தான் நாம் "எவ்வளவு பக்குவமான பிள்ளை" என்று மெச்சுகிறோம். ஆனால் பாசம் என்பதே இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் யார் அடித்தான், என்ன தின்றோம் என்ற சில்லறைப் பேச்சில்தான் வளர்கிறது. ஒவ்வொன்றையும் வடிகட்டிச் சொல்ல வேண்டியிருந்தால் கடைசியில் சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சாது.

கலிஃபோர்னியாவில் பெற்றோர் பிரிந்த 500க்கும் மேற்பட்ட வளரிளம் பிள்ளைகளிடம் பேசி பியூகேனன், மெக்கோபி, டோர்ன்புஷ் மூவரும் 1991இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் தொட்டது. இரண்டு வீட்டிலும் மாறி மாறி வளரும் பிள்ளைகள், பெற்றோர் ஒத்துப்போனால் நன்றாகவே இருந்தார்கள்; சண்டை ஓயாத இடத்தில், நடுவில் மாட்டிக்கொண்டு அதிகம் தவித்ததும் அவர்களேதான்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு. அத்தை மகனை, சொந்தத் தாய்மாமனைக் கட்டும் வழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. தாய்மாமனைக் கட்டியவள் பிரிந்தால், அவளுக்கு மாமியார்தான் அம்மாவைப் பெற்ற பாட்டி. பிள்ளை எந்த வீட்டை "அப்பா வீடு" என்று சொல்லும்? காதுகுத்துக்கு யார் மடியில் உட்காரும்? வழக்கு இரண்டு பேருக்கு நடுவில்தான், ஆனால் அப்பாவோடு சேர்ந்து அத்தை, அத்தை மக்கள், கோயில் கொடைக்குக் கூடும் கூட்டம் எல்லாமே பிள்ளைக்குப் போய்விடும்.

நாலைந்து வயதுப் பிள்ளைகள் என்றால், தான் சேட்டை செய்ததால்தான் அப்பா போய்விட்டார் என்று நம்பிவிடுவதுண்டு. திரும்பத் திரும்பச் சொல்லித்தான் அதை மாற்ற முடியும். அதற்காக எல்லாப் பிள்ளையும் கெட்டுப்போகிறது என்பது வெறும் பயமுறுத்தல். அமெரிக்க உளவியலாளர் மேவிஸ் ஹெதரிங்டன் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த குடும்பங்களில், பிரிந்தவர்களின் பிள்ளைகளில் சுமார் 25 விழுக்காட்டினருக்குப் பெரிய பிரச்சினைகள் இருந்தன. பிரியாத குடும்பங்களில் அது 10. அதாவது முக்கால்வாசிப் பேர் தேறிவிட்டார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் எமரியின் ஆய்வு. பிள்ளை யாரிடம் என்று வழக்காட வந்தவர்களில் சிலரைக் குலுக்கல் மாதிரித் தேர்ந்தெடுத்து, சமரசப் பேச்சுக்கு அனுப்பினார். ஐந்தாறு மணி நேரப் பேச்சுதான். 12 வருஷம் கழித்துப் பார்த்தால், பேசித் தீர்த்த குழுவில் பிரிந்து வாழும் பெற்றோரில் 10இல் ஏறத்தாழ 3 பேர் வாராவாரம் பிள்ளையைப் பார்த்தார்கள். வழக்காடியவர்களில் அது 10இல் ஒருவருக்கும் கொஞ்சம் குறைவு. நம் குடும்ப நல நீதிமன்றங்களிலும் ஆலோசகர்கள் உண்டு. என்ன, பவுன், சீர், ஜீவனாம்சம் எல்லாம் பேசி முடித்து, எழுந்திருக்கும்போதுதான் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வரும்.

அந்தப் பையன் வீட்டில் ஒருநாள் அம்மா பொறுக்காமல் ஆச்சியைச் சத்தம் போட்டுவிட்டாள். இப்போது ஆச்சி எதையும் கேட்பதில்லை, பொட்டலத்தை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்து, "கால் கிலோதானால?" என்பதோடு சரி.

"அரைக் கிலோ ஆச்சி. ஒங்களுக்கும் சேத்து வாங்குனாவ."